பழைய ஸ்பீக்கரை விற்பவர் எதைச் சொல்ல வேண்டும்?

மதினாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்துபோன நபிகள் நாயகம், அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்து கிடந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது, விரல்கள் நனைந்தன. இது என்ன என்று கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை எல்லோரும் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் நபிகள். அபூ ஹுரைரா அறிவித்த இந்தச் செய்தி சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. மழை பெய்ததும் வியாபாரியின் குற்றமில்லை. பழுது எங்கே இருந்தது, வாங்குபவரின் கண் எதுவரை போகும் என்ற இரண்டையும் வைத்தே அந்தக் கேள்வி எழுந்தது.

பழைய ஸ்பீக்கர் வாங்கப் போகிற விவரமானவர்களும் கையை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். முன்துணியைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த ஒலி தரும் வூஃபரின் கோன்மீது விரல்களை அகல விரித்து, நடுவிலிருந்து சம தூரத்தில் ஊன்றி, மெல்ல உள்ளே அழுத்தி விடுகிறார்கள். கோன் சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். உள்ளே ஏதோ உரசுவது விரலுக்குத் தெரிந்தாலோ, சர்ரென்று காதில் விழுந்தாலோ, வாய்ஸ் காயில் தன் இடத்தை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள். அழுத்தவும் பக்குவம் வேண்டும். ஒற்றை விரலால் ஓரத்தில் அமுக்கினால் நல்ல காயிலும் உரசும். பழுதில்லாததைப் பழுது என்று சொல்லிவிட நேரும்.

1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்ட ஸ்பீக்கர் அமைப்பின் சாரம் இன்றும் மாறவில்லை. காந்தத்தின் வட்டமான இடுக்கில் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருள் நிற்கிறது. பாட்டின் மின்சாரம் பாயும்போது அது முன்னும் பின்னும் ஆடுகிறது. அதோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளுகிறது. சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே இருபுறமும் உள்ள இடம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. சுருளை அந்த இடுக்கின் நடுவில் நிறுத்துபவை இரண்டு: பின்னால் ஸ்பைடர் என்ற நெளிவுத் துணி, முன்னால் கோனின் விளிம்பைச் சுற்றிய வளையம். 1970களிலும் 80களிலும் வந்த ஏராளமான வூஃபர்களில் அந்த வளையம் பாலியூரித்தேன் ஃபோமால் ஆனது. காற்றிலுள்ள ஈரமே அதன் வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தொட்டால் உதிரும். பாடினாலும் பாடாவிட்டாலும் இது நடக்கும். ஆகவே 'நாங்கள் இதை அதிகம் பாட வைத்ததே இல்லை' என்று விற்பவர் சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும், ஃபோம் எப்படி இருக்கிறது என்பதற்கு அதில் விடை இல்லை. கேட்பவர் மனத்தில் மட்டும் பெட்டி புதுசு போல இருக்கும் என்ற எண்ணம் உட்கார்ந்துகொள்கிறது.

உண்மையையே சொல்லி ஒருவரைத் தவறாக நம்பவைக்க முடிகிறது. அப்படியானால் ஒன்றுமே சொல்லாமல் இருப்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது? தனக்குத் தெரிந்ததில் எவ்வளவை விற்பவர் சொல்லியாக வேண்டும்? தெரியாது என்பவரை அதோடு விட்டுவிடலாமா? வணிகம் தொடங்கிய காலத்திலிருந்தே மதங்களையும் தத்துவ மரபுகளையும் இந்தக் கேள்விகள் தூங்கவிடவில்லை. பழைய ஸ்பீக்கர் அவற்றுக்குப் பொருத்தமான சோதனைப் பொருள். அதன் பழுதுகளில் சில கண்ணுக்குத் தெரியும், சில கைக்குத் தெரியும், சில காதுக்கு மட்டும் தெரியும், இன்னும் சில யாருக்குமே தெரியாமல் பத்து வருடம் உள்ளே இருக்கும்.

கி.மு. 44இல் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு கதை வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் கப்பல் நிறையத் தானியத்துடன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் கடலில் பார்த்திருக்கிறான். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் தத்துவவாதியான பாபிலோன் டயோஜனீஸ், சட்டம் கேட்கிற அளவுக்குக் குறையைச் சொன்னால் போதும், மறைப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் இதை ஏற்கவில்லை. விற்பவருக்குத் தெரிந்தது எதுவும் வாங்குபவருக்குத் தெரியாமல் போகக் கூடாது என்பது அவர் கட்சி. அடுத்து சிசரோ ஒரு வீட்டைக் காட்டுகிறார். மரமெல்லாம் உளுத்துப்போயிருக்கிறது, அறைகளில் பாம்பு நடமாட்டம். சொந்தக்காரனைத் தவிர யாருக்கும் அது தெரியாது. டயோஜனீஸுக்கு இதிலும் குற்றம் தெரியவில்லை. வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார். சிசரோவின் தீர்ப்பு ஆன்டிபேட்டர் பக்கம்.

தானியக் கப்பல் வேறு, உளுத்த வீடு வேறு. கப்பலில் உள்ள தானியம் நல்ல தானியம். மறைக்கப்பட்டது சந்தை நிலவரம். வீட்டில் மறைக்கப்பட்டது விற்கிற பொருளின் உடம்பிலேயே இருக்கிறது. இதே மாடல் ஸ்பீக்கர் அடுத்த தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லாமல் விடுபவரையும், இடது பெட்டியில் உச்ச ஒலி தரும் ட்வீட்டர் எரிந்துபோனது என்று சொல்லாமல் விடுபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னது வாங்குபவர் நாலு இடம் விசாரித்து அறியக்கூடியது. பின்னதை அறிய அவர் பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இந்த வேறுபாட்டைத் தன் இறையியல் தொகுப்பில் சட்டமாகவே வகுத்தார். மறைந்திருக்கும் குறையை, அது வாங்குபவருக்கு நஷ்டமோ ஆபத்தோ தருமானால், சொல்லியே தீர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைக் கண் குதிரை அவர் தரும் எடுத்துக்காட்டு. ஆனால் அதற்கேற்ப விலையைக் குறைத்திருக்க வேண்டும். அந்தக் குறையை வாய்விட்டுச் சொன்னால், வாங்குபவர் நியாயத்துக்கு மேல் விலையை இறக்கக் கேட்பார் என்று காரணமும் சொல்கிறார். விற்பவரின் பயத்துக்கும் இடம் கொடுத்து எழுதிய வரி அது. கிழிந்த ஃபோமைப் பார்த்ததுமே 'இது குப்பை' என்று ஆரம்பிக்கும் வாடிக்கையாளர்களை எந்தக் கடைக்காரரும் கண்டிருப்பார். ஃபோம் வளையத்தை மட்டும் மாற்றுவது பெரிய வேலையே அல்ல. பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய வளையத்தை ஒட்டி, காய்வதற்குள் கோனை நடுவில் நிறுத்தத் தெரிந்தால் போதும். காந்தமும் சுருளும் நன்றாக இருந்தால் வூஃபர் இன்னும் பல வருடம் பாடும்.

அக்வினாஸின் கோடு ஸ்பீக்கருக்கு வரும்போது சற்றுக் கலைகிறது. யாருடைய கண்ணுக்குத் தெரிய வேண்டும்? முன்துணியைக் கழற்றினால் ஃபோம் தெரியும். கழற்றலாம் என்றே தெரியாதவருக்கு அது மறைந்த குறைதான். மல்டிமீட்டர் வைத்திருப்பவர் எட்டு ஓம் வூஃபரின் முனைகளில் அளந்து, ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் காட்டினால் சுருள் முழுசாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். முள் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. மிகக் குறைவாகக் காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அவரும் ஒரு இடத்தில் ஏமாறுவார். ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெபாசிட்டர் இருக்கும். மீட்டரின் நேர் மின்சாரம் அதைத் தாண்டிப் போகாது. பெட்டியின் பின்பக்க முனைகளில் ஆறு ஓம் காட்டினால் அது வூஃபரின் கணக்கு. ட்வீட்டர் செத்திருந்தாலும் மீட்டர் அதே ஆறைத்தான் காட்டும். ட்வீட்டரைத் தனியே கழற்றி அளந்தால் ஒழிய உண்மை வெளிவராது.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பதினேழாம் பிரிவில் மோசடியை விளக்கிவிட்டு ஒரு குதிரையைக் கொண்டுவருகிறது. ஏலத்தில் குதிரை விற்பவருக்கு அதன் நோய் தெரியும், வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய மகளாக இருந்தால், உறவின் காரணமாகச் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. இன்னொரு நிலையும் உண்டு. நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். அங்கே மௌனமே பேச்சாகிவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ பழைய பெட்டி வாங்குகிறவர், 'அண்ணே, நாலு ஸ்பீக்கரும் ஒரிஜினல், எதையும் மாத்தல, அப்படித்தானே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அதற்குப் பிறகு கடைக்காரர் காக்கும் மௌனத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

ஆனால் சட்டம் நிற்கிற இடத்தில் அறமும் நின்றுவிட வேண்டும் என்றில்லை. மகளுக்குச் சொல்ல வேண்டியதை அந்நியருக்கு ஏன் சொல்லக் கூடாது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை. ஆன்டிபேட்டர் கேட்டதும் அதைத்தான்: மனிதர்கள் எல்லோரும் ஒரே சமூகம் என்றால், விற்கிற நேரத்தில் மட்டும் அந்த உறவு எப்படி அறுந்துபோகும்?

மௌனத்தைத் தாண்டி இன்னொரு வகை இருக்கிறது, ஜோடனை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா, அடிமையையோ கால்நடையையோ பாத்திரத்தையோ விற்பதற்காக மினுக்கிக் காட்டக் கூடாது என்கிறது. பிற்காலத் தல்மூத் இதை இன்னும் நுணுக்கி, புதிய பாத்திரத்துக்கு வண்ணம் பூசலாம், பழையதற்குத்தான் கூடாது என்று பிரிக்கிறது. வெளுத்துப்போன வூஃபர் கோனுக்குக் கறுப்புச் சாயம் பூசுகிற பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைக்காது. சாயம் நிறத்தோடு நிற்பதில்லை. கோனின் எடை கூடும், அதன் அசைவு மாறும். ஒட்டுப்போட்ட கிழிசலையும் அது மூடிவிடும்.

இஸ்லாமியச் சட்டத்தில் முஸர்ராத் என்றொரு பிரிவு உண்டு. விற்பனைக்கு முன் சில நாள் ஆட்டையோ ஒட்டகத்தையோ கறக்காமல் மடியைக் கட்டிவைப்பார்கள்; மடி பெருத்து, நிறையக் கறக்கும் கால்நடை போலத் தெரியும். அப்படி வாங்கியவருக்கு மூன்று நாள் அவகாசம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ அளவு பேரீச்சம்பழம் சேர்த்து. ஸ்பீக்கர் கடையில் நடக்கும் மடி கட்டும் வேலை, பாட விட்டுக் காட்டுவதில் இருக்கிறது. இரண்டு பெட்டியையும் ஒன்றாகப் பாட விட்டால், ஒரு பக்கத்து ட்வீட்டரின் ஒலி மறுபக்கத்துக் குறையை மூடிவிடும். அறை முழுக்க ஒலி சுழலும்போது எந்தப் பெட்டியிலிருந்து தாளத்தட்டின் மினுமினுப்பு வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. ஒலியைத் தாழ்த்தி வைத்தால் உரசும் காயில் பாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆம்ப்ளிஃபயரில் பாஸைக் கூட்டிவைத்தால் வலுவிழந்த வூஃபரும் அதிரும். அதனால்தான் தெரிந்தவர்கள் பேலன்ஸ் குமிழை ஒரு பக்கமாகத் திருகி, ஒரு நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் கேட்கிறார்கள். ட்வீட்டர் அருகே காதைக் கொண்டுபோகிறார்கள். இருபது ஹெர்ட்ஸிலிருந்து இருநூறு வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுரத்தைக் கைபேசியிலிருந்து சன்னமாகப் பாட விடுகிறார்கள். பாட்டில் மறைகிற உரசலுக்கும் கரகரப்புக்கும் அந்தச் சுத்தமான சுரத்தில் ஒளிய இடமில்லை.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை போற்றும்போது, கொள்ளும்போது கூடுதலாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் அவர்கள் நடந்ததைச் சொல்கிறது. அளவு நேர்மை அது. அளவை வாங்குபவர் வீட்டுக்குப் போய் நிறுத்துப் பார்க்கலாம். ஸ்பீக்கர் போன்ற பொருளில் நேர்மைக்கு வேலை அதிகம். நிறுக்க முடியாத ஒன்றை, விற்பவரே வலிய எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் தெரிந்தும் சொல்லாதவரைப் பற்றி. தெரியாதவரை என்ன செய்வது?

ரோமின் சந்தைகளைக் கண்காணித்த ஈடைல் என்ற அதிகாரிகள் இதற்குக் கறாரான பதில் வைத்திருந்தார்கள். அடிமையையும் கால்நடையையும் விற்பவர் நோயையும் குறையையும் அறிவித்தாக வேண்டும். அறிவிக்காத குறை பிறகு வெளிப்பட்டால், ஆறு மாதத்துக்குள் விற்பனையை ரத்து செய்யலாம், ஒரு வருடத்துக்குள் விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். விற்றவருக்கே அந்தக் குறை தெரியாது என்ற சாக்கு எடுபடாது. சந்தைக்கு ஒன்றைக் கொண்டுவருகிறவர் அதை அறிந்துதான் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

ஸ்பீக்கரில் உண்மையான அறியாமைக்கு நிறைய இடம் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேசுவது அநியாயம். பல ட்வீட்டர்களில் சுருளைச் சுற்றி ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் ஊற்றியிருப்பார்கள். சுருளின் சூட்டை வெளியே கடத்துவதும், அசைவைப் பதப்படுத்துவதும் அதன் வேலை. வருடங்கள் போகப் போக அது கெட்டிப்பட்டுக் கோந்து போலாகிவிடும். மீட்டரில் அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டும். ஒலி மட்டும் மங்கியிருக்கும். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வயது என்பதால் இரண்டும் ஒருசேர மங்கும். இடதையும் வலதையும் ஒப்பிட்டாலும் வேறுபாடு புலப்படாது. அதே வீட்டில் இருபது வருடம் அதைக் கேட்டவருக்கோ மாற்றம் நடந்ததே தெரியாது, ஏனென்றால் ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. அவர் 'வாங்கின நாள் மாதிரியே பாடுது' என்று சொன்னால் அதில் பொய் துளியும் இல்லை. ஈடைலின் விதிப்படி அவரும் பொறுப்பாளி. அக்வினாஸ் அவரைப் பாவி என்று சொல்லமாட்டார், ஆனால் தெரியவந்த பிறகு ஈடு செய்யச் சொல்வார். இந்த இரண்டாவது தீர்ப்பே மனித இயல்புக்கு நெருக்கமானது.

வேறொரு அறியாமையும் இருக்கிறது. மீட்டர் மேசையிலேயே கிடக்கிறது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் ட்வீட்டரை அளந்துவிடலாம். அளந்து, செத்துப்போயிருந்தால், சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அளக்காமலே 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லாத்தான் இருக்கு' என்று விற்றுவிடுவது. ஆங்கிலக் கணிதவியலாளர் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு 1877இல் எழுதிய ஒரு கட்டுரை இப்படிப்பட்டவரைத்தான் கூண்டில் ஏற்றுகிறது. குடியேறிகளை ஏற்றிக்கொண்டு கடல் கடக்கவிருக்கும் ஒரு பழைய கப்பல். அது பழுதாகியிருக்கலாம் என்ற சந்தேகம் சொந்தக்காரருக்கு எழுகிறது. சோதித்தால் செலவு. இத்தனை பயணம் போய்வந்த கப்பல்தானே, இதையும் முடித்துவிடும் என்று தன்னையே தேற்றித் தேற்றி, கடைசியில் மனதார நம்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அந்த நம்பிக்கை உண்மையானதாக இருந்தாலும் அதை நம்புவதற்கு அவருக்கு உரிமை இருக்கவில்லை என்கிறார் கிளிஃபோர்டு. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் ஒரு துளியும் குறைந்திருக்காது என்கிறார். எழுதியவர் கப்பல் விபத்திலிருந்து உயிர் தப்பியவர். 1870இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் அவர் ஏறிய கப்பல் சிசிலிக்கு அருகே உடைந்தது.

ட்வீட்டர் செத்ததால் யாரும் மூழ்கப்போவதில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையின் தர்க்கம் அப்படியே பொருந்துகிறது. சோதிக்காமல் விற்ற பெட்டி தற்செயலாக நன்றாகவே பாடினாலும், விற்றவர் செய்தது சரியாகிவிடாது. எவ்வளவு சோதிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு நியாயமான எல்லை வரைய முடியும். பழைய ஆடியோவை விற்றே பிழைப்பவருக்கு மீட்டரும், ஒற்றைச் சுரமும், பெட்டியைத் திறந்து பார்ப்பதும் அன்றாட வேலை. அவர் 'தெரியாது' என்று சொல்வதை ஏற்க முடியாது. அப்பா வாங்கிவைத்த பெட்டியை வீடு காலி செய்யும்போது விற்கிறவரிடம் அதைக் கேட்க முடியாது. சோதிக்கவில்லை என்ற ஒரு சொல்லை அவர் சேர்த்தால் போதும், அந்தச் சொல்லுக்கேற்ற விலையோடு.

அப்படிப்பட்ட வீட்டில்தான் வாங்குபவரின் அறமும் சோதனைக்கு வருகிறது. ஏமாற்று எப்போதும் விற்கிற பக்கத்திலிருந்தே வரும் என்று நினைப்பது பிழை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954இல் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபருக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தியது வில்ச்சரின் கண்டுபிடிப்பு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அந்த நிறுவனம் ஒரு இசையறை வைத்திருந்தது. யாரும் உள்ளே போய் ஸ்பீக்கர்களைக் கேட்கலாம். அங்கே விற்பனையே கிடையாது. 1967இல் வந்த அவர்களுடைய ஏ.ஆர். 3ஏ மாடலை இன்றும் பழைய பொருள் சந்தையில் தேடி வாங்குகிறார்கள். அதன் பின்பக்கத்தில் இரண்டு குமிழ்கள் உண்டு, ஒன்று நடு ஒலிக்கு, மற்றது உச்ச ஒலிக்கு. அரை நூற்றாண்டில் அவற்றின் உட்பகுதியில் களிம்பு ஏறிவிடும். தொடர்பு அறுந்து ட்வீட்டர் மௌனமாகிவிடும். கேட்கிறவருக்கு ட்வீட்டர் எரிந்துபோனது போலவே இருக்கும். குமிழைப் பலமுறை முன்னும் பின்னும் திருகினால் கரகரவென்ற சத்தத்தோடு ட்வீட்டர் உயிர் பெறுவது உண்டு. சுத்தம் செய்தாலோ, புதிய குமிழ் போட்டாலோ முழுசாகச் சரியாகிவிடும்.

விவரம் தெரிந்த ஒருவர் அந்தப் பெட்டியின் முன் நிற்கிறார். விற்பவர் கணவரை இழந்த மூதாட்டி. இது என்ன மாடல், என்ன பெறும் என்று அவருக்குத் தெரியாது. 'ட்வீட்டர் போச்சும்மா, இது பழைய மரத்துக்குத்தான் ஆகும்' என்று சொல்லிப் பாதி விலைக்கு வாங்கி, வீட்டுக்குப் போய்க் குமிழைத் திருகிப் பாட வைப்பவர் செய்தது அப்பட்டமான பொய். 'சத்தம் வரலையே' என்பதோடு நிறுத்திக்கொண்டு, குமிழைப் பற்றி வாய் திறக்காதவர்? டயோஜனீஸ் அவரை விட்டுவிடுவார். அக்வினாஸ் விடமாட்டார். தங்கத்தைப் பித்தளை என்று நினைத்து விற்பவரிடம், தெரிந்துகொண்டே வாங்குபவர் அநியாயமாக வாங்குகிறார், வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று அதே பகுதியில் எழுதியிருக்கிறார். அடித்து விலை பேசுவதைச் சாமர்த்தியம் என்று மெச்சும் நம் வழக்கத்துக்கு இது கசப்பாக இருக்கும். ஆனால் மறைந்திருக்கும் குறையைச் சொல்லும்படி விற்பவரைக் கேட்கிறவர், மறைந்திருக்கும் நலனைத் தான் சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயத்தையும் காட்ட முடியாது. பல வருட உழைப்பில் சேர்த்த அறிவுக்கு ஒரு விலை உண்டுதான். நியாயமான லாபத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அந்த மூதாட்டியின் அறியாமைக்குக் கட்டணம் வசூலிக்க மட்டும் அந்த அறிவு அவருக்கு உரிமை தரவில்லை.

எவ்வளவு நேர்மையானவர்கள் கூடினாலும் ஒரு மணி நேரத்தில் வெளிவராத பழுதுகள் மிஞ்சும். சுருள் சூடாகி விரிந்த பிறகே உரசத் தொடங்கும் வூஃபர்கள் உண்டு. கடையில் மூன்று பாட்டு கேட்டால் தெரியாது, வீட்டில் ஒரு மாலை முழுக்கப் பாடும்போது தெரியும். இதற்கு யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் ஒரு வழி இருக்கிறது. பொருளுக்கேற்ற பரிசோதனைக் காலம்: விதைக்குப் பத்து நாள், இரும்புக்கு ஒரு நாள், சுமை இழுக்கும் மாட்டுக்கு ஐந்து, ரத்தினத்துக்கு ஏழு, கறவைக்கு மூன்று. அடிமைகளுக்கும் அதே வரியில் நாள் குறித்த காலம் அது. அந்தப் பகுதி இன்று படிக்கக் கூசவைக்கிறது. எஞ்சியதில் உள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பொருளும் தன் குறையைக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு என்று அந்த விதி கணக்கிட்டிருக்கிறது. விதை முளைக்க வேண்டும், மாடு உழ வேண்டும். பழைய ஸ்பீக்கருக்கு ஒரு வாரம் போதுமானது. சில மாலைகள் நீளப் பாடட்டும், வீட்டிலுள்ள வேறு வேறு காதுகள் கேட்கட்டும். அதற்குள் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும் கடைக்காரர், தனக்கே தெரியாத பழுதுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். வாங்கியவரும் அந்த வாரத்தில் அளவுக்கு மீறி ஒலியைக் கூட்டி, ஆம்ப்ளிஃபயர் திணறி ட்வீட்டரைச் சுட்டுவிட்டு, அப்படியேதான் வந்தது என்று திருப்பித் தரக் கூடாது. கறந்த பாலுக்குப் பேரீச்சம்பழம் வைத்த சட்டம் இரண்டு பக்கத்தையும் யோசித்திருக்கிறது.

பழுது பார்த்து விற்பதில் மரபுகளுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் சவுண்ட் சர்வீஸ் கடைகளில் காயில் கட்டுவதும் கோன் மாற்றுவதும் வழக்கமான வேலை. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. எந்தக் கோன் போட்டது, இரண்டு பக்கமும் ஒரே வகையா, காயில் எத்தனை ஓம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவைக்கும் மெக்கானிக், தான் பார்த்தே இராத மூன்றாவது நான்காவது வாங்குபவருக்கும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

விற்று முடித்த பிறகு உண்மை தெரிந்தால் என்ன செய்வது என்பது மிச்சமிருக்கிறது. ஹனஃபி சட்டப் பள்ளியின் நிறுவனரான இமாம் அபூ ஹனீஃபா, கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர். குறையுள்ள ஒரு துணியைப் பற்றிக் கூட்டாளியிடம் எச்சரித்து, வாங்குபவரிடம் சொல்லி விற்கும்படி அனுப்பியதாகவும், கூட்டாளி அதை மறந்து விற்றுவிட்டதாகவும் அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். வாங்கியவர் யார் என்று தேடியும் தெரியவில்லை. கிடைத்த பணத்தை அவர் தானமாகக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் கழித்து, ஏற்கெனவே விற்றுவிட்ட பெட்டியின் ட்வீட்டர் வேறு மாடலுடையது என்று பழைய ரசீதைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கடைக்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை. வாங்கியவரின் எண் பெரும்பாலும் அவர் கைபேசியிலேயே இருக்கும். 'சார், ஒரு விஷயம் அப்ப எனக்கே தெரியல' என்று தொடங்கி, பெட்டியைத் திருப்பித் தருகிறீர்களா, இல்லை வித்தியாசத்தை அனுப்பட்டுமா என்று அவர் கேட்கலாம்.